பதினேழாவது கல்

அந்தக் கல் காணாமல் போன மத்தியானம் அங்கே இருந்தவர்கள் இவர்கள். இயற்பியல் துறைத்தலைவர் அம்மா. லேப் அட்டெண்டர். மூன்றாம் வருஷம் படித்த பெண்கள் ஆறு பேர். எங்களிடம் சித்தாளாக இருந்த குன்னத்து அக்கா. என் மச்சினன், அதாவது என் மனைவிக்குத் தம்பி. அப்புறம் நான். டைல்ஸ் கல் அது, ஒரு சாணுக்கு ஒரு சாண். வெள்ளையில் மஞ்சள் கட்டம் போட்டது. நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்து, மூலையில் மூன்று பொடி எண்கள். எடுத்தது நான். பதினோரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். ரெட்டிபாளையத்தில் கொஞ்ச நாள் சிமெண்ட் மூட்டை ஏற்றினேன். பிறகு கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன். சுவர் எழுப்பவும் பூசவும் என்னை அடிக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். டைல்ஸ் வந்ததும் அது போயிற்று. மச்சினன் கோயம்புத்தூரில் டைல்ஸ் வேலை பார்த்துவிட்டு, ஒரு கட்டிங் மெஷினோடு ஊர் திரும்பினான். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவன். சேர்ந்து வேலை எடுத்தோம். பேர் என் பேர், கை அவன் கை. போன் எனக்குத்தான் வரும். விலை பேசி முடித்துவிட்டு, கடைசியில் எல்லாரும் ஒரே மாதிரி கேட்பார்கள்: “உங்க மச்சினரும் வருவாருல்ல?” வீட்டில் என் மனைவி வேறு, சோறு போடும்போது சொல்வாள்: “எந்தம்பி ஒட்டுன தரையில கோலிக்குண்டு வெச்சா வெச்ச எடத்துல நிக்கும்.” உண்மைதான். நானே வைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து வைத்துப் பார்த்தேன். நின்றது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு கல்லூரி. அங்கே இயற்பியல் துறை வராந்தாவில் ஒரு சுவர் சும்மா கிடந்தது. துறைத்தலைவர் அம்மா ஒரு தாளோடு என்னிடம் வந்தார். கெட்டியான மூக்குக்கண்ணாடி, விரலெல்லாம் சாக்பீஸ் தூள். “இந்தச் செவரு, நீங்க, நானு, அந்தச் சூரியன், எல்லாம் கடைசியா எதுல ஆனதுன்னு இந்தச் செவத்துல இருக்கணும் மேஸ்திரி. மொத்தம் பதினேழே கட்டம்,” என்றார். உலகத்தையே உடைத்து உடைத்துப் பார்த்தால், இதற்கு மேல் உடையாது என்று நிற்கிற துகள்கள் அவ்வளவுதானாம். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். “பதினேழு கல்லு. ஒரு நாள் வேலைங்க,” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திருச்சியில் அச்சுப்போட்ட கல் ஒரே பெட்டியில் கலந்து வந்து சேர்ந்தது. அடுக்கு காட்டும் தாள் அம்மாவின் மேசையில் இருந்தது. அம்மா வகுப்பில் இருந்தார். டைல்ஸ் வேலையில் ஒட்டுவதற்கு முன் பெட்டி எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பி இனம் பிரிப்பது வழக்கம். நிறத்தில் நூலளவு மாற்றம் இருந்தாலும் சுவரில் ஏறியபின் பல்லிளிக்கும். இனம் பிரிப்பது மேஸ்திரி வேலை. நான் நிறம் பார்த்தேன். ஊதா ஆறு. பச்சை ஆறு. சிவப்பு நாலு. மஞ்சள் ஒன்று. நிறம் வாரியாக நாலு குவியல் போட்டுவிட்டுப் பீடியை எடுத்தேன். காலேஜ் என்பது ஞாபகம் வந்து உள்ளே வைத்தேன்.

மச்சினன் குந்தி உட்கார்ந்து பொடி எண்களைப் படித்துக்கொண்டிருந்தான். பத்தாவது பெயிலானவன். “மாமா, ஊதா ஆறுலயும் ரெண்டு இனம் இருக்கு,” என்றான். மூன்று கல்லில் மூன்றில் இரண்டு என்று போட்டிருந்தது. மற்ற மூன்று கல்லில் மைனஸ் மூன்றில் ஒன்று. அதே மாதிரி பச்சையிலும் மூன்று கல்லில் மைனஸ் ஒன்று, மற்ற மூன்று கல்லில் சைபர். அவற்றை நாலு படுக்கை வரிசையாக, வரிசைக்கு மூன்றாக வைத்தான். சிவப்பு நாலையும் பக்கத்தில் நிற்கும் வரிசையாக வைத்தான். மஞ்சளைத் தனியாக ஓரத்தில் வைத்தான். இவன் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று எனக்குள் ஒன்று கிளம்பிவிட்டது. நானும் குந்தினேன். வரிசையில் எது முதல், எது அடுத்தது என்று நான் வைக்கிறேன் என்றேன். மேல் எண்ணைப் பார்த்தேன். அது கனத்தைக் காட்டுவது என்று அட்டெண்டர் சொன்னார். ஒன்றேகால் சொச்சம், இரண்டு சொச்சம், நூற்றெழுபத்து மூன்று. சின்னதிலிருந்து பெரிசாக வைத்தேன். யார் கேட்டாலும் அதுதான் சரி. அவன் குனிந்து எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தான். பிறகு முதல் இரண்டு கல்லையும் இடம் மாற்றினான்.

“ரெண்டுதான மாமா சின்னது. பக்கத்துல எழுத்தப் பாருங்க. இதுல எம்மு, அதுல ஜி. அளவு வேற. நம்ம மில்லியும் மீட்டரும் மாதிரி.”

ரசமட்டமும் டேப்பும் பிடித்து முப்பது வருஷம் ஆன கை என்னுடையது. மில்லி எது மீட்டர் எது என்று எனக்கு ஒருத்தன் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா கலவை குழைத்துக்கொண்டே சிரித்தாள். “மேஸ்திரியண்ணே, மீட்டர வுட்டுட்டு மில்லிய அளந்துட்டாரு.” அட்டெண்டரும் சிரித்தார். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு வகுப்பு முடிந்து அம்மா வந்தார். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். மேசையிலிருந்து எடுத்து வந்த தாளைப் பிரித்தார். தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கல்லும் இடம் மாறியிருக்கவில்லை. “யாரு அடுக்குனது?” என்றார். “நாங்கதாங்க,” என்றேன். அட்டெண்டர் சும்மா இருந்திருக்கலாம். “சின்னவருங்க மேடம்,” என்றார். அம்மா அப்படியே அவன் எதிரில் குந்தினார். பட்டுப்போன்ற சேலை, கலவைத் தரை. அதையெல்லாம் பார்க்கவில்லை. இதை இப்படி வகை பிரிக்க உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் முட்டினார்கள் என்றார். முதலில் கண்டதெல்லாம் நூற்றுக்கணக்காகப் பெருகிப்போய், மிருகக்காட்சி சாலை என்று அவர்களே கேலி பேசினார்களாம். இதே மாதிரி எண்களைப் பார்த்து, ஒத்தது ஒத்ததாக அடுக்கித்தான் கடைசியில் ஒழுங்குக்கு வந்ததாம். அவர் சொன்னது அவனிடம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் கேட்டேன். எனக்குச் சொல்லப்பட்டதாக இல்லை.

அவன் கேட்டான். “ஊதாவும் பச்சையும் மேலேர்ந்து கீழா நிக்கிற வரிசை மூணும் ஒண்ணுபோலவே இருக்கே மேடம். கனம் மட்டுந்தான் கூடுது. நம்ம ஒடம்பு, செவரு, எல்லாம் எதுல ஆனது?” முதல் வரிசையில் என்றார் அம்மா. “அப்ப மிச்ச ரெண்டு வரிசை எதுக்கு? ஒண்ணே போதுமே.” அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியாதுங்க,” என்றார். “உங்களுக்காங்க?” என்றான். “எனக்கு இல்ல. உலகத்துல யாருக்கும் தெரியாது. இந்தத் துறையில இருக்கறவங்க கேக்கற கேள்வி இது. நீங்க குந்துன ஒரு மணி நேரத்துல கேட்டுட்டீங்க.” அட்டெண்டரைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னார். டீ எல்லாருக்கும்தான் வந்தது. ஆனால் முதல் கிளாசை அவர் கையாலேயே எடுத்து அவனிடம் நீட்டினார். நான் டீயைக் குடிக்கவில்லை. ஆறவிட்டுச் செடியில் ஊற்றினேன். அந்தக் கிளாசின் அடியில் ஒரு கீறல் இருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மனசு எரியும்போது கண் சின்னச் சின்னதாகப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையானாலும் கடைசிக் கல்லை மேஸ்திரிதான் வைப்பது. வெற்றிலை பாக்கு, பழம், ஒரு துண்டு வைத்துத் தட்டை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு வைப்பேன். பள்ளிக்கூடம், மாதா கோயில், கல்யாண மண்டபம், எதிலும் அது மாறியதில்லை. தரை முழுக்க அவன் ஒட்டியிருப்பான். கடைசிக் கல் என்னுடையது. அவனும் அதற்குக் கை நீட்டியதே இல்லை. எனக்கு மிச்சமிருந்த மேஸ்திரித்தனம் அந்த ஒரு கல்தான். அம்மாவுக்கும் அதை முதல் நாளே சொல்லியிருந்தேன். தட்டும் துண்டும் தயாராக இருந்தன.

பன்னிரண்டரைக்குள் பதினாறு கல்லும் ஏறிவிட்டன. மஞ்சள்தான் பாக்கி. அதற்குப் பேர் ஹிக்ஸ் என்றார் அம்மா. மற்றதுக்குக் கனம் வருவதே அதனால்தானாம். கடைசியாகக் கண்டுபிடித்ததும் அதுதானாம். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். “மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கடைசிக் கல்ல மட்டும் அவரு வெக்கட்டுமே. அந்தக் கேள்வியக் கேட்டவரு. சாப்பாட்டுக்கு அப்பறம் பிள்ளைங்களக் கூட்டிட்டு வரேன்.” மச்சினன் பதறினான். “அய்யய்யோ, அது மாமா வெக்கறதுங்க.” அவன் வேண்டாம் என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் ஏறியது. அவன் விட்டுக் கொடுத்து நான் வைப்பதா? “அவனே வெக்கட்டுங்க,” என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

எல்லாரும் கை கழுவக் குழாயடிக்குப் போனார்கள். நான் மஞ்சள் கல்லை எடுத்தேன். சாமான் பையில் ரசமட்டத்துக்கு அடியில் ஒரு பழைய கைலி கிடந்தது. அதில் சுற்றி வைத்தேன். நாலு மூச்சு நேரம் ஆகியிருக்காது. பிறகு போய்க் கை கழுவி, அவனோடு ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் தன் தூக்கில் இருந்த கருவாட்டுக் குழம்பை எனக்கு ஊற்றினான். அதையும் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு அம்மா தட்டோடும் ஆறு பெண்களோடும் வந்தார். கல் இல்லை. பெட்டியில் தேடினார்கள், மணலைக் கிளறினார்கள். அட்டெண்டர் திரும்பி அக்காவைப் பார்த்தார். “கடைசியா இங்க நின்னது யாரு? உன் பையக் கொட்டு பாப்பம்.” அக்கா பையைக் கவிழ்த்தாள். சோத்துத் தூக்கு, வெற்றிலைச் சுருக்கு, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம். வெங்காயம் உருண்டு ஒரு பெண்ணின் காலடியில் போய் நின்றது. என் பை நாலடி தூரத்தில் இருந்தது. மேஸ்திரி பையை யார் கேட்பார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்போது மச்சினன் சொன்னான்: “அக்காவ விடுங்க சார். நான்தான் ஒடச்சிட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு. ஒடஞ்ச துண்டுங்கள வாய்க்கால்ல போட்டுட்டேன்.” அவன் உடைக்கவில்லை என்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் அவன். அந்தப் பழியை அவன் எடுத்துக்கொண்டதற்கும் நான் பொறாமைப்பட்டேன். வெட்கப்படவில்லை அப்போது. பொறாமைதான் பட்டேன்.

லேபில் மிஞ்சிய வெள்ளைக் கல் ஒன்று கிடந்தது. மச்சினன் அதை மெஷினில் அளவுக்கு வெட்டி, மஞ்சளின் இடத்தில் வெறுமையாக வைத்தான். “வேற வர்ற வரைக்கும் எடம் ஓட்டையா இருக்க வேணாம் மேடம்,” என்றான். அம்மா கிட்டே வந்து அதைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். “பாத்துக்கங்க. இங்க ஒண்ணு இருந்தாகணும்னு கணக்குச் சொல்லி, கண்டுபிடிக்க அம்பது வருஷம் கிட்ட ஆச்சு. அதுவரைக்கும் இது இப்படித்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் இடம் தெரியும். ஆள் தெரியாது.” வேறு கல் வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார். தட்டை அவனிடம் நீட்டினார். அவன் வெற்றிலையை எடுத்துக்கொண்டு துண்டை என் தோளில் போட்டான். நான் கெடுக்க நினைத்தது அவனுக்குக் கிரீடமாகப் போயிற்று. அக்கா மறுநாளிலிருந்து எங்கள் வேலைக்கு வரவில்லை.

பரண்மேல் கைலிச் சுருட்டு ஏறியது. அதற்குப் பிறகு என் மகள் அதே கல்லூரியில் அதே துறையில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே முகமெல்லாம் பிரகாசமாக வந்தாள். அம்மா ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் பிள்ளைகளை அந்தச் சுவர் முன் நிறுத்தி, எண்ணை மட்டும் பார்த்து உலகத்தை அடுக்கிய டைல்ஸ்காரர் கதையைச் சொல்வாராம். “அது எங்க தாய்மாமான்னு எந்திரிச்சுச் சொன்னேம்ப்பா. எல்லாரும் கை தட்டுனாங்க,” என்றாள். பிறகு கேட்டாள். “நீங்க அப்ப எங்கப்பா இருந்தீங்க?” “அங்கதான்,” என்றேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே பரண். பெற்ற பிள்ளைக்கு முன்னால் கை தட்டு வாங்க ஒருத்தனுக்கு ஆசை இருக்காதா. எனக்கும் இருந்தது. அதற்கு நான் என்ன செய்திருந்தேன் என்று கேட்டால் பதில் பரண்மேல் இருந்தது.

நாலு வருஷம் முன்னால் மச்சினனுக்கு முட்டி போயிற்று. குந்திக் குந்தி வேலை பார்த்த முட்டி. இப்போது குன்னத்தில் மக்காச்சோளமும் வெங்காயமும் போட்டுக்கொண்டு, கம்பு ஊன்றி நடக்கிறான். இனி எனக்குப் போட்டி இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. டைல்ஸ் ஒட்ட வேறு ஆள் வைத்துக்கொண்டேன். ஜனங்கள் இப்போதும் கேட்கிறார்கள்: “மச்சினரு இப்ப வர்றதில்லையா?”

போன மாசம் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். வராந்தாச் சுவர் விரிசல் விட்டுவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவர், அந்தக் கல்லெல்லாம் தேவையில்லை, படம் மாட்டிக்கொள்கிறோம் என்றார். மச்சினனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. போன் செய்தான். “மாமா, அந்தக் கல்லுங்கள ஒடைக்காம எடுத்தாந்து குடுங்க. எங்கிட்ட கெடக்கட்டும்.” சரி என்றேன்.

எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒட்டிய நேரத்தைப் போல நாலு மடங்கு. முதலில் ரப்பர் சுத்தியலின் காம்பால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் கலவை சரியாகப் பரவாவிட்டால் வெற்று ஓசை கேட்கும். பதினோரு வருஷம் ஆகியும், சுவரே விட்டுப்போயும், ஒன்றில்கூட வெற்று ஓசை இல்லை. அப்போதும் என் வயிறு எரிந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். ஒன்றாவது உடையட்டும் என்று உளி பிடித்த கை நினைத்தது. ஆனால் அதே கை பார்த்துப் பார்த்துத் தட்டியது. ஒன்றும் உடையவில்லை. கடைசியாக வெள்ளைக் கல்லை எடுத்தேன். அவனுக்கு என்மேல் சந்தேகம் இருந்திருந்தால் பின்பக்கம் எதையாவது எழுதி வைத்திருப்பானோ என்று திருப்பிப் பார்த்தேன். கலவைதான் இருந்தது. அவன் கரண்டிப் பல்லின் கோடுகள், இம்மி பிசகாமல்.

சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். பரண் ஏறினேன். கைலி மக்கிப்போய் விரலில் ஒட்டியது. கல்லில் ஒரு கீறல் இல்லை. மஞ்சள் அன்றைக்குப் போலவே இருந்தது. வெயில் படாமல் வைத்திருந்தேன் அல்லவா. சுவரில் இருந்ததெல்லாம் வெளுத்திருந்தன. அதை அதே கைலியில் சுற்றி, சாக்கின் அடியில் வைத்துக் கட்டினேன்.

மறுநாள் காலை குன்னம் பஸ் ஏறினேன். அக்காவின் வீடு போகிற வழியில்தான். முதலில் அங்கே போனேன். பூட்டியிருந்தது. மகளோடு அரியலூர் போய்விட்டாள் என்றார்கள். அங்கேயும் போக வேண்டும்.

மச்சினன் களத்தில் சோளம் காய வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். “வாங்க மாமா. எங்கக்கா வரலியா?” என்றான். சாக்கை அவன் காலடியில் இறக்கினேன். “எதுனா ஒடஞ்சுதா?” “இல்ல மாப்ள.” “எல்லாம் இருக்கா?” “எண்ணிக்க.” அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கினான். சோளத்தை ஒதுக்கி இடம் பண்ணினான். ஒவ்வொரு கல்லாக எடுத்து அடுக்கினான். எண்ணையும் பார்க்கவில்லை, எழுத்தையும் பார்க்கவில்லை. நாலு படுக்கை வரிசை. பக்கத்தில் ஒரு நிற்கும் வரிசை. ஓரத்தில் வெள்ளைக் கல். சாக்கை உதறப் போனவன், கனம் தட்டி நின்றான். கையை உள்ளே விட்டான். கைலியைப் பிரித்தான்.

உள்ளே மஞ்சள் கல். என்னைப் பார்க்கவில்லை. மஞ்சளைத் துடைத்து, வெள்ளைக்குப் பக்கத்தில், ஒரு நூல் இடைவெளி விட்டு நேர் பார்த்து வைத்தான். பிறகு முதல் கல்லிலிருந்து தொட்டுத் தொட்டு, சத்தமாக எண்ண ஆரம்பித்தான். நானும் எதிரில் குந்தினேன். கூடவே எண்ணினேன்.

பதினெட்டு.